அமெரிக்க நடிகைக்குக் கொல்லிமலைத் தாய்மாமன்

தூரத்துத் தாய்மாமன் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். டீக்கடை பெஞ்சில் ஒருவர், பஸ்ஸில் ஜன்னலோரத்தில் ஒருவர், கல்யாண வீட்டில் இரண்டாம் பந்திக்குக் காத்திருப்பவர்களில் நிச்சயமாக இருவர். சொந்தத் தாய்மாமனுக்கு ஆயிரம் வேலை. காதுகுத்துக்கு மடி கொடுக்க வேண்டும், கல்யாணத்துக்குச் சீர் கொண்டுவர வேண்டும், தன்னைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று பந்தலில் கோபித்துக்கொள்ளவும் வேண்டும். தூரத்துத் தாய்மாமனோ மடியும் கொடுப்பதில்லை, சீரும் கொண்டுவருவதில்லை. கோபித்துக்கொள்ளும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்கிறார். யாரிடம்? தான் ஒருவர் இந்த உலகத்தில் இருப்பதையே அறியாத யாரோ ஒரு பிரபலத்திடம்.

இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். பிரபலத்தின் பெயருக்கு முன்னால் ‘நம்ம’ போடுவார்கள். வெற்றி வந்தால் ‘அப்பவே சொன்னேன்’ என்பார்கள், தோல்வி வந்தால் ‘அப்பவே சொன்னேனே, கேட்டாத்தானே’ என்பார்கள். யாரிடம் எப்போது சொன்னீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், டீ ஆறிவிடும். நாமக்கல்லில் எனக்குத் தெரிந்த எழுத்தர் ஒருவர், ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரரின் முழங்கால் வலியை நினைத்து இரண்டு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் மனைவிக்கும் முழங்கால் வலிதான். அதற்கு அவர் மனைவியே தைலம் தேய்த்துக்கொண்டார்.

ஆனால் எழுத்தரெல்லாம் இந்த இனத்தில் கடைநிலை ஊழியர். நான் பார்த்தவர்களிலேயே தலைசிறந்த தூரத்துத் தாய்மாமன் சேந்தமங்கலம் மிளகு வியாபாரி நசீர் அகமதுதான். அவர் தாய்மாமனாக இருந்தது ஐரீன் வால்பர்க் என்கிற அமெரிக்க நடிகைக்கு.

நசீர் அகமதுக்கு வீடு சேந்தமங்கலத்தில், மண்டி கொல்லிமலைமேல் சோளக்காடு என்ற ஊரில். மலைக்காரர்கள் கொண்டுவரும் மிளகையும் பழத்தையும் அங்கே வாங்கிக் கீழே அனுப்புவார். மிளகை இரண்டு விரலால் எடுத்துப் பல்லில் வைத்து ஒரு கடி கடித்தால், எத்தனை நாள் வெயிலில் காய்ந்தது, பறித்தவர் அவசரக்காரரா பொறுமைசாலியா என்றெல்லாம் சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட கெட்டிக்காரர் 1997-இல் மண்டியின் ஓட்டுக்கூரைக்குமேல் பெரிய குடை ஆன்டெனா ஒன்றை ஏற்றினார். ‘கொச்சியில மிளகு நெலவரம் டிவியில சொல்றாங்களாமா’ என்று வீட்டில் காரணம் சொன்னார். கொச்சி நிலவரம் எந்தச் சேனலில் எத்தனை மணிக்கு வருகிறது என்பதை அவர் கடைசிவரை தெரிந்துகொள்ளவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு சேனலில் ஆங்கிலத் தொடர் வரும். கதை ஒரு சிறிய ஊர் நீதிமன்றத்தில் நடக்கும். அதில் நீதிபதியின் தட்டச்சராக, வாரத்துக்கு மூன்று வரி பேசிவிட்டு ஃபைலை எடுத்துக்கொண்டு போகிற சின்னப் பாத்திரத்தில் ஐரீன் நடித்தார். நீதிபதியைப் பாருங்கள், வக்கீல்களைப் பாருங்கள் என்று கேமரா கெஞ்சிக்கொண்டிருக்க, நசீர் அகமது மட்டும் தட்டச்சரைப் பார்த்தார்.

‘ஃபைலை மூடுனதைப் பாத்தீங்களா வாத்தியாரே? சத்தமே இல்லீங்க. ஆனா அந்த ஜட்ஜுக்கு மூஞ்சியில அறைஞ்ச மாதிரி இருந்திருக்கும். இந்தப் பொண்ணு எங்கியோ போயிருமுங்க.’

வாத்தியார் நான்தான். பக்கத்து அரசுப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் எனக்கு மண்டியில் ஒரு நாற்காலியும் டீயும் உண்டு. அமெரிக்கர்கள் பேசுவதில் எனக்குக் கால்வாசிதான் புரியும் என்பதை மலையில் நான் யாருக்கும் தெரியப்படுத்தவில்லை. ‘என்னங்க சொல்றா?’ என்று நசீர் அகமது கேட்பார். ‘மனசு கஷ்டமா இருக்காம்’ என்பேன். இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே ஒரு வருடம் ஓட்டினேன். லீவு நாட்களில் அப்பாவோடு மலைக்கு வரும் அவர் மகள் ஆஸியா, அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தவள், ‘இல்லீங்க சார், சாட்சி பொய் சொல்றாருன்னு கண்டுபிடிச்சுட்டாங்க’ என்று என் மானத்துக்குப் பங்கம் வராத குரலில் திருத்துவாள். நசீர் அகமதுக்கு இரண்டு உரையும் தேவைப்படவில்லை. ஐரீனின் முகத்தைப் பார்த்தே அவர் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார், தவறாகவே புரிந்துகொண்டாலும்.

பழம் வாங்க வரும் லாரிக்காரர்கள், காப்பிக்கொட்டை மூட்டையோடு வரும் விவசாயிகள், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் என்று யார் மண்டிக்குள் கால் வைத்தாலும், அவர்களுக்கு ஐரீனின் இதுவரையான நிலவரம், இனி அவர் எடுக்க வேண்டிய முடிவுகள், அந்தத் தொடரின் தயாரிப்பாளர் அவருக்கு இழைக்கும் அநீதி ஆகியவை விளக்கப்பட்டன. தப்பிக்க முடியாது. அன்னாசிப்பழம் கொண்டுவரும் மாதம்மாள் ஒருத்திதான் அவரை இடைமறிக்கும் துணிச்சல் உள்ளவள்.

‘அந்தப் புள்ளைக்கு நல்லது நடக்கட்டுமுங்க பாய். எங்க பழத்தை எப்பங்க எடை போடுவீங்க?’

இப்போது ஒரு நியாயமான சந்தேகம் உங்களுக்கு வரும். இணையமும் செல்போனும் எட்டாத மலையில், ஆங்கிலம் தெரியாத ஒருவருக்கு அமெரிக்க நடிகையின் தொழில் வாழ்க்கை எப்படித் தெரியும்? எடைக்கு வந்தது. அன்னாசியையும் ஆரஞ்சையும் கூடையில் அடுக்கும்போது நசுங்காமல் இருக்கப் பழைய காகிதம் வேண்டுமல்லவா? அதற்காகச் சேலத்திலிருந்து பழைய பத்திரிகைக் கட்டுகள் லாரியில் வரும். தமிழ், ஆங்கிலம், இந்தி எல்லாம் கலந்திருக்கும். யாரோ பணக்கார வீட்டில் படித்துத் தூக்கிப்போட்ட வெளிநாட்டுப் பத்திரிகைகளும் நடுவே அகப்படும். கட்டுப் பிரித்ததும் நசீர் அகமது ஒவ்வொரு தாளாகப் புரட்டி, ஐரீன் முகம் தெரிந்தால் எடுத்து வைத்துக்கொள்வார். மீதித் தாள்தான் அன்னாசிக்கு.

இதில் ஒரு சிக்கல். பழைய காகிதக் கடையில் எந்தக் கட்டு மேலே இருக்கிறதோ அதுதான் முதலில் லாரி ஏறும். அதனால் ஐரீனின் வாழ்க்கை கொல்லிமலைக்கு முன்பின்னாகத்தான் வந்து சேர்ந்தது. 1998-இல் வந்த முதல் கட்டில், ஐரீன் அந்தத் தொடரை எப்போதோ விட்டு விலகி, சினிமாவில் நடித்து, சிறந்த நடிகைக்கான பெரிய பரிசு வாங்கிவிட்ட செய்தி இருந்தது. டிவியிலோ அவர் இன்னும் தட்டச்சர்தான். நசீர் அகமது பரிசுச் செய்திக்காக மண்டியில் எல்லோருக்கும் டீயும் ஜிலேபியும் கொடுத்தார். அன்று வந்த மிளகில் ஈரம் இருக்கிறதென்று ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்த வியாழக்கிழமை தொடரில் நீதிபதி ஐரீனைத் திட்டியபோது டிவியைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார்.

‘திட்டுறான் பாருங்க. இவ யாருன்னு தெரியாமத் திட்டுறான்.’

அடுத்த வருடம் வந்த கட்டு அதற்கு முந்தைய காலத்தைச் சேர்ந்தது. ஐரீனின் முதல் இரண்டு படங்கள் ஓடவில்லை, மூன்று வருடமாக யாரும் கூப்பிடவில்லை, ஓட்டலில் தட்டு எடுத்துக்கொண்டிருக்கிறார் என்றது அது. பரிசு வாங்கியவர் அதற்குப் பிறகு ஓட்டல் வேலைக்குப் போய்விட்டார் என்று நசீர் அகமது எடுத்துக்கொண்டார். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ‘இது பழைய கதை பாய், அதெல்லாம் தாண்டித்தான் பரிசு வாங்கியிருக்கிறார்’ என்று தேதியைக் காட்டி விளக்கினேன்.

‘பழசுங்களா? நமக்கு இன்னிக்குத்தானுங்களே வந்துச்சு’ என்றார்.

அன்றைக்கே ஒரு கடிதம் போயிற்று. அவர் தமிழில் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுத, பத்திரிகையின் அமெரிக்க முகவரிக்கு விமானத் தபால். மனம் தளர வேண்டாம், ஓட்டல் வேலை கேவலமில்லை, நானும் சின்ன வயதில் காளப்பநாயக்கன்பட்டியில் மூட்டை தூக்கியவன்தான், உங்களுக்காக ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறேன். உண்மையாகவே செய்தார். ஐந்தாறு மாதம் கழித்து ஒரு உறை வந்தது. அதில் ஐரீனின் வழவழப்பான படம், கீழே அச்சடித்த கையெழுத்து. அதைச் சட்டம் போட்டுத் தராசுக்குமேல் மாட்டினார். விஷயம் கேள்விப்பட்ட அவர் மனைவி நஜிமா, ‘எங்க கல்யாணப் போட்டோ பீரோவுக்கு அடியில கெடக்குது’ என்று மட்டும் சொன்னாராம்.

இப்படியே போயிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். தாய்மாமன்களால் யாருக்கும் கெடுதல் இல்லை, ஐரீனுக்கோ சுத்தமாக இல்லை. ஆனால் 2000-ஆம் வருடம் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, அந்தச் சேனல் இந்திக்கு மாறிவிட்டது. வியாழக்கிழமை ஆறு மணிக்கு ஐரீன் இருந்த இடத்தில் ஒரு கூட்டுக்குடும்பம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. இரண்டாவது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த ஆஸியாவுக்குக் கோயம்புத்தூர்ச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தது.

விண்ணப்பம் போட்டது நஜிமாவின் துணிச்சல். அதை எப்படி நிரப்புவது என்று என்னிடம் கேட்டு எழுதியது ஆஸியா. சேர்வதற்குக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. பெற்றோர் சம்மதம் என்ற இடத்தில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

நசீர் அகமது மறுத்தாரா? சத்தியமாக இல்லை. அவர் வாயிலிருந்து வேண்டாம் என்ற சொல் வரவே இல்லை. ‘யோசிக்கலாம்’ என்றார். முதல் வாரமும் யோசிக்கலாம். இரண்டாவது வாரம், கோயம்புத்தூர் தூரமாயிற்றே, யோசிக்கலாம். மூன்றாவது வாரம், அஞ்சு வருசப் படிப்பாச்சே, சேலத்தில் பி.காம். படித்தால் ஆகாதா, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாமே, யோசிக்கலாம். தினமும் காலையில் யோசனையைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ் ஏறி மலைக்கு வந்துவிடுவார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் ஒரு வார்த்தை பேசினேனா? டீ சூடாக இருந்தது. அது அவர்கள் வீட்டு விஷயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடைசி நாளுக்கு முந்தைய வியாழக்கிழமை காலை புதிய கட்டு ஒன்று பிரிக்கப்பட்டது. நசீர் அகமது என் பள்ளிக்கே ஆள் அனுப்பினார். அரை நாள் லீவு சொல்லிவிட்டு மதியம் போனேன். அவர் நின்றுகொண்டிருந்தார். உட்காரவில்லை என்றால் பெரிய கோபம் என்று அர்த்தம். கையில் ஐரீனின் பேட்டி, மிகப் பழையது, அட்டை போயிருந்தது. படித்துச் சொன்னேன். ஐரீன் பிறந்தது ஒரு சிறிய ஊரில். அப்பா இரும்புக்கடை வைத்திருந்தார். பத்தொன்பது வயதில் நியூயார்க்குக்குப் போய் நடிப்புப் படிக்கிறேன் என்று மகள் கேட்டபோது, அவசரப்படாதே, ஒரு வருடம் பொறு என்றாராம். மறு வருடமும் அதையே சொன்னாராம்.

‘அந்த ஆளு கடை அட்ரஸ் இருக்குதுங்களா?’ என்றார் நசீர் அகமது.

ஊர்ப் பெயர் இருந்தது. அது போதும் என்றார். ‘பாய், இது நடந்து இருபது வருஷம் இருக்கும். அந்தப் பெண் நியூயார்க் போய், படித்து, பரிசும் வாங்கிவிட்டது. உங்கள் தராசுக்குமேல்தான் தொங்குகிறது’ என்று நினைவூட்டினேன். காதில் வாங்கினால்தானே? இந்த இனத்துக்கே உள்ள குணம் இது. அநியாயம் எத்தனை பழையதோ, எத்தனை தூரமோ, அத்தனை சூடாக ரத்தம் கொதிக்கும். எழுதுங்கள் என்றார். எழுதினேன். மூட்டைகளுக்கு நடுவே முன்னும் பின்னும் நடந்துகொண்டே அவர் சொல்லச் சொல்ல, பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில், நல்ல ஆங்கிலத்தில், ஒரு வரி விடாமல் எழுதினேன். அன்னாசிக் கூடையோடு வந்திருந்த மாதம்மாளும், அவளுடைய பக்கத்துக் காட்டுக்காரர் செங்கோடனும் எடைக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க விவகாரம் முடியாமல் தராசு இறங்காது என்று அவர்களுக்குப் பழக்கம்.

கடிதம் முடியும் நேரத்தில் கீழிருந்து வந்த பஸ் வந்து நின்றது. அதிலிருந்து ஆஸியா இறங்கினாள். அவளுக்குப் பின்னால், கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வெளிறி நஜிமா இறங்கினார்.

இது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். கொல்லிமலை ரோட்டில் எழுபது வளைவுகள். நஜிமாவுக்கு மூன்றாவது வளைவிலேயே தலை சுற்றும். ஒன்பது வருடமாக அவர் மண்டிப் பக்கம் வந்ததே இல்லை. கணவர் மலைமேல் என்ன செய்கிறார் என்பதைக் கேள்வி ஞானத்தால் மட்டுமே அறிந்தவர். அவர் வந்து இறங்கியதும் நசீர் அகமது நடப்பதை நிறுத்தினார். செங்கோடன் எழுந்து சாக்கு விரித்த பெட்டியைக் காட்டினார். நஜிமா அதில் உட்கார்ந்து, கொஞ்சம் தண்ணீர் குடித்து, தலையை நிமிர்த்தினார். நேரே எதிரில் தராசுக்குமேல் ஐரீன் சிரித்துக்கொண்டிருந்தார். நஜிமா அந்தப் படத்தை நிதானமாகப் பார்த்தார்.

‘ஏனுங்க, நாளைக்குக் கடைசி நாளுங்க. மூணரை பஸ்ஸுல கீழ எறங்குனாத்தான் நானும் இவளும் இன்னிக்கே கோயமுத்தூர் போய்ச் சேர முடியும். எங்க சின்னம்மா ஊட்டுல தங்கிக்கறோம்’ என்றார்.

‘நான் வேண்டாம்னா சொன்னேன்? யோசிக்கலாம்னுதானே சொன்னேன்’ என்றார் நசீர் அகமது.

‘யோசிங்க. நாங்க இங்கியே உக்காந்திருக்கோம்.’

மாதம்மாள் கூடையைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டாள். நான் கடிதத்தை மடிக்கப் பார்த்தேன். நஜிமா என் பக்கம் திரும்பினார்.

‘அது என்னங்க சார் கையில?’

சொன்னேன். நியூயார்க்குக்குப் படிக்கப் போகிறேன் என்ற மகளை இரண்டு வருடம் பொறுக்கச் சொன்ன ஐரீனின் அப்பாவுக்கு பாய் எழுதும் கடிதம்.

‘தமிழ்ல ஒருக்காப் படிங்களேன். நாங்களும் கேக்கறோம்.’

நான் நசீர் அகமதைப் பார்த்தேன். அவர் தாராளமாகக் கையசைத்தார். தன் நியாய உணர்ச்சியைக் குடும்பமும் அறியட்டும் என்று நினைத்திருப்பார். படித்தேன்.

‘அன்புள்ள ஐயா, நானும் உங்களைப் போல ஒரு சிறிய ஊரில் கடை வைத்திருப்பவன். ஆகவே உரிமையோடு எழுதுகிறேன். உங்கள் மகள் திருடப் போகிறேன் என்று கேட்கவில்லை, படிக்கப் போகிறேன் என்றுதான் கேட்கிறாள். தூரம் என்கிறீர்களாம். கடைக்கு இரும்பு எங்கிருந்து வருகிறது, பக்கத்துத் தெருவிலிருந்தா? வேண்டாம் என்று சொல்கிற தகப்பனையாவது எதிர்த்துப் பேசலாம். பொறு, பார்க்கலாம் என்று சொல்கிற தகப்பனை என்ன செய்ய முடியும்? அவன் அந்தப் பெண்ணின் நாட்களை ஒவ்வொன்றாக வீணாக்கிக்கொண்டே, தான் நல்லவன் என்றும் பெயர் வாங்கிக்கொள்கிறான். இது உங்களுக்கே நன்றாக இருக்கிறதா? தயவுசெய்து இன்றே அனுப்பிவையுங்கள்.’

இந்த முறை கடிதத்தை மடித்துவிட்டேன்.

‘யாருங்க சார் அந்தப் பெரிய மனுசன்? கேட்டா நம்மூரு ஆளாட்டமே தெரியுது’ என்றாள் மாதம்மாள், அன்னாசியின் கொண்டையைத் திருகிக்கொண்டே.

கதைகளில் வருகிறவராக இருந்தால் இந்த இடத்தில் நசீர் அகமது தன்னை உணர்ந்து தலைகுனிந்திருப்பார். உண்மையான தாய்மாமன் அவ்வளவு சீக்கிரம் விழ மாட்டார். அவருக்கு இரும்புக்கடைக்காரர் மேல் கோபம் இன்னும் ஒரு படி ஏறியது. ‘பாத்தீங்களா, இவங்களுக்கே தெரியுது அந்த ஆளு செய்யறது அநியாயம்னு’ என்றார் என்னிடம். நஜிமா கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி தலை சுற்றியிருக்க வேண்டும். மணி மூன்று.

அப்போதுதான் ஆஸியா பேசினாள். கையில் மடித்த படிவம். குரல் உயரவில்லை.

‘அத்தா, இந்தக் கடுதாசிக்கு அவரு என்ன பதில் போடுவாரு?’

‘போட மாட்டான். போடறதுக்கு மூஞ்சி ஏது?’

‘போடறாருன்னு வெச்சுக்குங்க. அவரும் கடைக்காரருதானே. என்ன சொல்லுவாருன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?’

வியாபாரிக்கு எதிராளி மனதில் ஓடுவதைச் சொல்லச் சொன்னால் பெருமைதான். நசீர் அகமது சட்டென்று எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார்.

‘என்னத்தச் சொல்லுவான்? தூரம்பான். பொண்ணு தனியாச் சமாளிக்குமான்னு கேப்பான். ஊருல நாலு பேரு கேப்பாங்கம்பான்.’

‘அவ்வளவுதானுங்களா? அதுக்கா ரெண்டு வருசம் பொறுக்கச் சொன்னாரு?’

‘அது மட்டுமில்ல கண்ணு. அவனுக்கும் ஒத்தப் புள்ளையா இருக்கும். கடையைச் சாத்திட்டு ஊட்டுக்குப் போனா, அத்தா, வாங்கன்னு கதவைத் தொறக்கறதுக்கு அது ஒண்ணுதான். அதுவும் போயிட்டா அப்பறம் எதுக்கு அந்த ஊட்டுக்குப் போறதுன்னு…’

அமெரிக்க இரும்புக்கடைக்காரரின் மகள் எப்போது அத்தா என்று கூப்பிட ஆரம்பித்தாள் என்று யாரும் கேட்கவில்லை. நசீர் அகமது தானாகவே நிறுத்திவிட்டார். மிளகு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாள் யோசிக்கலாம், யோசிக்கலாம் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தது இதைத்தான். அது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அவர் மேல் வைத்திருந்த கேலியெல்லாம் ஒரு நிமிடம் எங்கேயோ போய்விட்டது. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஆஸியா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

‘அந்தப் பொண்ணு சனிக்கிழமை சனிக்கிழமை ஊட்டுக்கு வந்துட்டுப் போனாப் பரவாயில்லைங்களா?’

‘நியூயார்க்குல இருந்தா?’

‘கோயமுத்தூர்ல இருந்துங்க அத்தா.’

அவர் என் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினார். படிவத்தை வாங்கித் தொடைமேல் வைத்து, அதிலிருந்த ஆங்கிலத்தையெல்லாம் புரிந்ததுபோல ஒரு முறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தமிழில், முழுப் பெயரும், அப்பா பெயரும், ஊர்ப் பெயரும் சேர்த்து, இடம் போதாமல் கட்டத்துக்கு வெளியே போயிற்று. பிறகு செங்கோடனைப் பார்த்து, பஸ்ஸை நிறுத்தி வைக்கச் சொன்னார். நஜிமாவுக்குப் புதிய எலுமிச்சம்பழம் ஒன்று தேடிக் கொடுத்தார். இரண்டு பேரையும் முன்சீட்டில் உட்காரவைத்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்.

‘வாத்தியாரே, அந்தக் கடுதாசியைப் போட வேண்டாமுங்க. பாவம், அந்த மனுசன்.’

அதற்காக நசீர் அகமது திருந்திவிட்டார் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இந்த இனத்துக்குத் திருந்தும் வழக்கம் இல்லை, ஆளை மட்டும் மாற்றிக்கொள்ளும். ஒரே வருடத்தில் மண்டிக்கு வந்தவர்களெல்லாம் ஆஸியாவின் பருவத் தேர்வு மதிப்பெண், விடுதிச் சாப்பாடு, பேராசிரியர்கள் அவளுக்கு இழைக்கும் அநீதி ஆகியவற்றை நின்று கேட்டுவிட்டுத்தான் பழத்தை எடை போட முடிந்தது. 2005-இல் ஆஸியா வக்கீலாகப் பதிவு செய்து நாமக்கல் கோர்ட்டில் முதல் வழக்குக்கு நின்றாள். அடுத்த நாள் மலை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம் அவர் சொல்லிக்கொண்டு வந்தார்: ‘நான் அப்பவே சொன்னேனுங்க, இந்தப் புள்ளையை வக்கீலுக்குத்தான் படிக்கவெக்கணும்னு. ஊட்டுல பொம்பளைங்கதான் யோசிச்சாங்க.’ நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இருபத்தோராவது வளைவு வந்துகொண்டிருந்தது.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. ‘யோசிக்கலாம்’ என்று அந்த மனிதர் மூன்று வாரம் இழுத்தடித்தபோது உங்களுக்குக் கோபம் வந்ததா, இல்லையா? முகம் தெரியாத ஒரு ஆஸியாவுக்காக மனசு கிடந்து துடித்தது. மூன்றரை பஸ் போய்விடுமோ என்று பதைத்தீர்கள். கையெழுத்து விழுந்ததும் அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டீர்கள். நாளைக்கு யாரிடமாவது இந்தக் கதையைச் சொல்லும்போது ‘நம்ம ஆஸியா’ என்று வாய் தவறி வந்தாலும் வரும். வாருங்கள், எங்கள் சங்கத்தில் உட்கார இடம் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒன்று. இதைப் படித்துக்கொண்டிருந்தபோது உங்கள் வீட்டில் ஒருவர் பக்கத்தில் வந்து நின்று ஏதோ கேட்டார். நீங்கள் தலையைத் தூக்காமலே ‘அப்புறம் பார்க்கலாம்’ என்றீர்கள். அவர் என்ன கேட்டார்?